கூட்டும் கலவையும்: வானூர்திக் கட்டுமானமும் தமிழ்ச் சொல்லும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1950களில் சென்னையை அடுத்த குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியின் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டியை நடத்தியது. வானூர்திப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், நம் விமானத்தை நாமே உருவாக்குவோம் என்னும் பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கே முதற்பரிசு கிடைத்தது. பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராக விளங்கிய தேவன். பரிசு பெற்றவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தம் தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவர் பெருமிதத்தோடு குறிப்பிட்டுள்ளார்.

இலக்கிய வட்டம் ஒன்றின் விழாவில் வானூர்தி பற்றிய பேச்சு எதற்கு என்று வினவுவோர்க்கு இந்நிகழ்ச்சியே தக்க விடையாகும். இந்திய வானூர்தி பற்றிய ஓர் இளைஞனின் கனவு தமிழில் எழுதப்பட்டது. ஒரு தமிழ்ச் சங்கத்தின் மேடையில் அரங்கேறியது. ஓர் எழுத்தாளரின் கையால் மதிப்புப் பெற்றது. கனவு பின்னாளில் நனவாயிற்று. 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பெங்களூரில் இந்தியாவின் இலகுரகப் போர் வானூர்தி முதன்முறையாகப் பறந்தது. 2003இல் அதற்குத் தேஜஸ் எனப் பெயர் சூட்டப்பட்டது. தேஜஸ் வானூர்திகளைக் கொண்ட முதல் விமானப்படைப் பிரிவு 2018இல் கோவையை அடுத்த சூலூருக்கே வந்து சேர்ந்தது. ஆனால் அவ்வூர்தியின் இறக்கை எதனால் ஆனது, எவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் தமிழில் சொல்லப் புகுந்தால் இன்றும் நா தடுமாறுகிறது. ஊர்தி தமிழ் மண்ணில் இறங்கிவிட்டது. சொல் இன்னும் இறங்கவில்லை. இவ்விடைவெளியே இவ்வுரையின் பொருள்.

தேஜஸ் வானூர்தியின் உடற்கட்டமைப்பில் எடை அளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு உலோகம் அன்று. அது கரி இழைகளைப் பிசினால் பிணைத்துச் செய்த பொருள். ஆங்கிலத்தில் காம்போசிட் என்பர். தமிழில் கலவைப் பொருள் என்றும், கலப்புப் பொருள் என்றும், கூட்டுப் பொருள் என்றும் எழுதி வருகின்றனர். இம்மூன்றனுள் எது பொருந்தும்?

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து வெண்கலம் ஆகும்போது, செம்பு எங்கே, ஈயம் எங்கே என்று கண்ணால் பிரித்துக் காண இயலாது. இரண்டும் உருகித் தம் தனித்தன்மையை இழந்து ஒன்றாகிவிடுகின்றன. அது கலவை. கரி இழையும் பிசினும் சேர்ந்த பொருளை வெட்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், இழை இழையாகவே இருக்கும். பிசின் பிசினாகவே இருக்கும். ஒன்று மற்றொன்றில் கரைவதில்லை. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் நிறுத்தி, ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்குப் பகிர்ந்தளிக்கிறது. எனவே இதனைக் கூட்டு என்பதே முறை. அடுக்களையில் செய்யும் கூட்டிலும் காய் காயாகவே இருக்கும், பருப்பு பருப்பாகவே இருக்கும். சுவை மட்டும் இரண்டுக்கும் அப்பாற்பட்டதாக இருக்கும்.

இலக்கணம் அறிந்தோர்க்கு வேறொரு வகையாலும் இதனை விளக்கலாம். பொன், தொடி என்னும் இரு சொற்களும் தொக்கு நிற்கும் 'பொற்றொடி' என்னும் தொகை, பொன்னையும் குறிக்காமல் தொடியையும் குறிக்காமல், அதனை அணிந்த பெண்ணைக் குறிப்பது அன்மொழித்தொகை. இரண்டு சொற்களும் கெடாமல் நிற்க, இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் பிறக்கிறது. கூட்டுப் பொருளின் இயல்பும் இதுவே. கரி இழையைத் தனியே எடுத்தால் வளைந்து துவளும் நூல். பிசினைத் தனியே எடுத்தால் எளிதில் நொறுங்கும் கட்டி. இரண்டும் கூடினால் இறக்கை.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. குழைத்த மண்ணில் வைக்கோலை மிதித்துச் சுவர் எழுப்பியவர் மண்ணின் வெடிப்பை வைக்கோல் தடுக்கும் என அறிந்திருந்தனர். கட்டுமரம் என்னும் சொல்லே கூட்டின் இலக்கணத்தைக் கூறுகிறது. மரங்கள் தனித்தனியே நிற்கும். கயிறு அவற்றைக் கட்டும். கட்டப்பட்டவை ஒன்றாக அலையை எதிர்கொள்ளும். அச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்று உலகெங்கும் வழங்குவதையும் அறிவோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கடலூர்க் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளும் கூட்டுப் பொருளே. அவற்றில் கண்ணாடி இழை, இங்கே கரி இழை என்பதே வேறுபாடு.

நெய்வேலியில் இருப்போர் இதற்காகக் கடற்கரைக்கும் போக வேண்டியதில்லை. திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்து இரவு பகலாக ஓடும் கன்வேயர் பெல்ட்டை எண்ணிப் பார்க்கலாம். புறத்தே ரப்பர், அகத்தே வரிசை வரிசையாக எஃகு வடங்கள். வடம் இழுவையைத் தாங்குகிறது. ரப்பர் வடங்களைப் பிணைத்துக் காக்கிறது. பெல்ட் அறுந்தால் இணைப்பவர் செய்வது என்ன? இரு முனைகளிலும் ரப்பரை உரித்து, வடங்களை வெளிக்கொணர்ந்து, ஒன்றின் இடையே மற்றொன்றைக் கோத்து, இடையில் பதமாகாத ரப்பரை நிரப்பி, வெப்பத் தகடுகளுக்கிடையே அழுத்தி, ஏறத்தாழ 140 முதல் 150 டிகிரி வெப்பத்தில் உரிய நேரம் வைத்து எடுக்கின்றார். வடங்களில் தூசு படிந்திருந்தாலோ, வெப்பம் குறைந்தாலோ, அழுத்தம் ஒரு பக்கம் தளர்ந்தாலோ இணைப்பு நிற்காது. பெல்ட் இணைக்கத் தெரிந்த தொழிலாளிக்கு வானூர்தி இறக்கை செய்யும் முறையின் அடிப்படை முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே.

இனி, அம்முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் இழை. செயற்கை நூல் வகைகளுள் ஒன்றான பாலிஅக்ரிலோநைட்ரைல் என்பதை முதலில் காற்றுள்ள அடுப்பில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குவர். பின்னர் உயிர்வளி புகாத சூளையில் 1000 டிகிரிக்கும் மேல் சூடாக்குவர். ஏனைய தனிமங்கள் ஆவியாகி நீங்க, கரி மட்டும் இழை வடிவில் எஞ்சும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கு. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. அதன் அடர்த்தியோ எஃகின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நெய்வேலி மண்ணுக்கடியில் இருப்பதும் கரியே. காற்றோடு சேர்ந்தால் கரி நெருப்பாகி மின்சாரம் தரும். காற்றை விலக்கி வேகவைத்தால் இழையாகி இறக்கை தரும். பொருள் ஒன்றே, பக்குவமே வேறு.

அடுத்து அடுக்குதல். இழைகளைத் துணியாகவோ நாடாவாகவோ ஆக்கி, அதில் பிசினை முன்கூட்டியே ஊற வைத்திருப்பர். அறை வெப்பத்தில் அப்பிசின் மெல்ல இறுகத் தொடங்கிவிடும். ஆதலால் சுழிக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் பாதுகாப்பர். வெளியே எடுத்த நேரம் முதல் அதன் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்படும். தூசு வடிகட்டிய அறையில், அச்சின்மீது ஒவ்வோர் அடுக்காக அதனைப் பரப்புவர். இழை தன் நீளவாட்டில்தான் வலியது, குறுக்கே மெலியது. மூங்கிலை நீளவாட்டில் பிளப்பது எளிது, குறுக்கே ஒடிப்பது அரிது என்பதை ஒப்புநோக்குக. ஆகவே ஓர் அடுக்கு நேராக, அடுத்தது 45 டிகிரி சாய்வாக, அதற்கடுத்தது குறுக்காக என விசை வரும் திசைகளை எண்ணி அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு திசை மாறினாலும் வெளித்தோற்றத்தில் தெரியாது. பாதுகாப்புத் தாள் ஒரு துண்டு உரிக்கப்படாமல் இடையில் தங்கிவிட்டாலும் தெரியாது. பறக்கும்போதுதான் தெரியும்.

பின்னர் அடுக்கியதை நெகிழிப் பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ஆட்டோகிளேவ் என்னும் பெருங்கலத்தினுள் செலுத்துவர். இட்டலிக் கொப்பரையும் பிரஷர் குக்கரும் சேர்ந்து ஓர் அறையின் அளவுக்கு வளர்ந்தது போன்றது அது. காற்றழுத்தத்தைப் போல் ஆறேழு மடங்கு அழுத்தத்திலும் 120 முதல் 180 டிகிரி வெப்பத்திலும் பல மணி நேரம் வைத்திருக்க, பிசின் முதலில் இளகி இழைகளின் இடுக்கெல்லாம் புகுந்து, பிறகு மீளா வண்ணம் இறுகும். இவ்விறுகலைத் தமிழில் 'பதமாதல்' எனலாம். பாகுக்கும் பதம் உண்டு, நெல்லுக்கும் பதம் உண்டு. சொல்லுக்கே பதம் என்றொரு பெயரும் உண்டு.

இவை தவிர, உருளும் அச்சின்மீது பிசினில் தோய்த்த இழையை நூல்கண்டு போலச் சுற்றி எடுக்கும் முறை ஏவூர்தி மோட்டார்க் கூடுகளுக்குப் பயன்படுகிறது. உலர்ந்த இழைத்துணியை அச்சில் அடுக்கிவிட்டு வெற்றிடத்தின் துணையால் பிசினை உள்ளிழுக்கச் செய்யும் முறையும் உண்டு. தனித்தனி உறுப்புகளைச் செய்து ஆணியால் இணைக்காமல், இறக்கையின் தோலையும் உள் விட்டங்களையும் ஒரே வேளையில் சேர்த்துப் பதப்படுத்தும் முறையும் உண்டு. தேஜஸ் வானூர்தியில் இம்முறை பெரிதும் கையாளப்பட்டது. உலோகத்தால் செய்வதை நோக்க, உறுப்புகளின் எண்ணிக்கை 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது என்பர். துளையிடும் இடம் ஒவ்வொன்றும் வலுக்குன்றும் இடம் ஆதலின், துளை குறைதல் பெரும் நன்மையாகும்.

இங்கே ஓர் உண்மையை உற்று நோக்க வேண்டும். உலோகத்தில் பொருள் முதலில் ஆலையில் பிறக்கிறது. உறுப்பு பின்னர்ப் பட்டறையில் வெட்டப்படுகிறது. கூட்டுப் பொருளிலோ, பொருளும் உறுப்பும் ஒரே கணத்தில், ஒரே கலத்தினுள் பிறக்கின்றன. எனவே பொருள் நல்லது, வேலைப்பாடுதான் பிழை என்று கூறித் தப்ப இயலாது. கருத்து நல்லது, சொன்ன முறைதான் சரியில்லை என்று ஒரு கவிதையைப் பற்றிச் சொல்ல இயலாமை போன்றதே இதுவும்.

அதனால் சோதனை கடுமையாகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. உறுப்போடு சேர்த்து ஒரு சிறு மாதிரித் துண்டையும் பதப்படுத்தி, அதனை முறித்துப் பார்ப்பது உண்டு. ஆயினும் அது போதாது. முழு உறுப்பையும் மீயொலி அலைகளைச் செலுத்தி அங்குலம் அங்குலமாக ஆராய்வர். அடுக்குகளுக்கிடையே பிளவு இருந்தால் ஒலி திரும்பும் வகை மாறும். எளிய முறை ஒன்றும் வழக்கில் உள்ளது. ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போவது. ஒட்டியுள்ள இடம் கணீரென ஒலிக்கும். ஒட்டாத இடம் மங்கி ஒலிக்கும். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பதம் பார்ப்பவருக்கும், மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் பெண்டிர்க்கும் இக்கலை கைவந்தது. சோதிக்கும் கருவியும் நாணயம். சோதிப்பவரிடம் இருக்க வேண்டியதும் நாணயம்.

புதுப்பொருளின் வரலாறு வெற்றியால் மட்டும் ஆனதன்று. இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் ஆர்பி 211 என்னும் எந்திரத்துக்குக் கரி இழையாலான விசிறி அலகுகளைச் செய்தது. எடையில் பெரும் மிச்சம். ஆனால் பறவை மோதினால் தாங்குமா என்னும் சோதனையில் அவை நொறுங்கின. டைட்டானியம் உலோகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அவ்வெந்திரத்தின் கட்டுக்கடங்காச் செலவால் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அப்பெருநிறுவனம் நொடித்துப்போய் அரசின் கைக்கு வந்தது. இழுத்தால் வலியது, திடீரெனக் குறுக்கே அடித்தால் மெலியது என்னும் இயல்பைப் போதிய அளவு அறியாமையின் விலை அது. 1995இல் பணிக்கு வந்த ஜிஇ 90 எந்திரத்தில் கரி இழை அலகுகள் மீண்டும் இடம்பெற்றன. அவற்றின் முன்விளிம்பில் டைட்டானியக் காப்பு பொருத்தப்பட்டிருந்தது. இழையும் பிசினும் கூடியது போதாதென்று உலோகத்தையும் கூட்டிக்கொண்டபோது குறை தீர்ந்தது. 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 வானூர்தியில் எடையில் பாதி கூட்டுப் பொருளே.

இந்தியாவில் இத்தொழில்நுட்பம் தும்பா ஏவூர்தி நிலையத்தில் வேர்விட்ட நாள்களில் கலாமும் அவர்தம் குழுவினரும் அதில் ஈடுபட்டிருந்தனர். அவரைத் திட்ட இயக்குநராகக் கொண்ட எஸ்எல்வி 3 ஏவூர்தி, 1979இல் தோல்வி கண்டு, 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகம் முழுவதும் கூட்டுப் பொருளாலான ஹன்சா என்னும் இருவர் பயிற்சி வானூர்தியை 1993இல் பறக்கவிட்டது. தேஜஸ் திட்டம் 1983இல் ஒப்புதல் பெற்று, 1998 அணுச் சோதனையை அடுத்து வந்த அமெரிக்கத் தடைகளையும் கடந்தே பறந்தது.

இவ்வரலாற்றில் கலாம் தம் உரைகளில் பலமுறை எடுத்துக்கூறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐதராபாத்தில் அவரது ஆய்வகத்துக்கு வந்த எலும்பு மருத்துவர் ஒருவர் ஏவுகணைக்கான எடைகுறைந்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் கால்களில் கட்டி இழுத்து நடந்தனர். சில வாரங்களில் ஏறத்தாழ 300 கிராம் எடையில் புதிய தாங்கிகள் செய்யப்பட்டன. குழந்தைகள் துள்ளி நடந்ததையும் பெற்றோர் கண்கலங்கியதையும் தம் பேரின்பங்களுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டார். மருத்துவரும் பொறியாளரும் ஒருவர் மொழி மற்றொருவர்க்குப் புரியும்படி பேசிக்கொண்டமையால் விளைந்த நன்மை அது.

இனி, சொல்லுக்கு வருவோம். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்த மொழி தமிழ். மணவை முஸ்தபா போன்றோர் கலைச்சொல் அகராதிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டனர். கலைச்சொல் இல்லை என்பது குறையன்று; பல சொற்கள் அகராதிக்குள்ளேயே உறைந்து கிடப்பதே குறை. சொல்லைச் செய்வோர் ஓரிடத்தும், பொருளைச் செய்வோர் வேறிடத்தும் இருந்தால், செய்த சொல்லைப் பொருளின்மேல் ஒட்ட வேண்டியதாகிறது. ஒட்டியது ஒருநாள் உரியும். அடுக்குப் பிளவு பொருளுக்கு மட்டும் உரியதன்று, சொல்லுக்கும் உண்டு.

தொழிலாளியே ஆங்கிலச் சொல்லை வழங்கும்போது தமிழ்ச்சொல் எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது. வல்கனைசிங் என்னும் சொல் சுரங்கத்தில் தமிழாகவே ஆகிவிட்டது. அதனைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் சொல்லை ஒலியாக மட்டும் அறிவதும் பொருளோடு அறிவதும் வேறு. தமிழ்வழியில் பயின்று தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வரும் மாணவன், டிலாமினேஷன் என்பதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதலாம். அடுக்கு விட்டுப்போதல் என்று ஒருமுறை கேட்டுவிட்டால், தட்டும்போது எந்த ஒலிக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தானே விளங்கும். பிழையின் பெயர் விளங்காத கைக்குப் பிழை தென்படாது. வானில் செல்வோரின் உயிர் அக்கையில் இருக்கிறது. எனவே இது மொழிப்பற்றின் பேச்சு மட்டுமன்று.

அத்தகைய சொற்கள் எங்கே கிடைக்கும்? பெல்ட் இணைப்பவர், வாளிச்சக்கர எந்திரத்தை ஓட்டுபவர், கொதிகலன் அருகே நிற்பவர், கடலூர்த் துறையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுபவர் ஆகியோரின் நாவில் கிடைக்கும். பொருள் கையில் பதமாகும் வேளையிலேயே பிறந்த சொற்கள் அவை. 1930களில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கருநிறப் பொருள், 1956இல் ஒரு நிறுவனமாகி, 1960களின் தொடக்கத்தில் வெட்டியெடுக்கத் தொடங்கப் பெற்று, இந்நகரத்தை உருவாக்கியது. நிலம் தந்த சிற்றூர் மக்களும் பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தோரும் இங்கே கூடினர். வட்டார வழக்குகள் பலவும் ஒன்றில் ஒன்று கரையாமல் கூடிய ஊர் இது. இவ்வூரின் தொழில்வழக்குச் சொற்களைத் தொகுத்தோர் மிகச் சிலரே. முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் சொற்களும் அவர்களோடு மறைகின்றன.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் அப்பணியை மேற்கொள்ளலாம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் பணியிடத்தில் வழங்கும் சொற்களுள் ஐம்பதைப் பொருளோடும், அச்சொல் வழங்கும் சூழலோடும் எழுதித் தந்தால் போதும். கவிஞர்கள் அவற்றைத் தட்டிப் பார்க்கட்டும். கணீரென ஒலிப்பனவற்றைக் கவிதையிலும் கட்டுரையிலும் வழங்கட்டும். ஓசை அறிந்த காதுக்குக் கவிஞனை விட உரியவர் எவர்?

கட்டுமரத்தைச் செய்தவர் தமிழர். ஆகவே உலகம் அதனைத் தமிழ்ப் பெயரால் அழைத்தது. குரோம்பேட்டைத் தமிழ்ச் சங்கத்துக்குக் கட்டுரை எழுதிய மாணவர், செய்வோம் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டே செய்யச் சென்றார். சொல்லும் செயலும் ஒரே கலத்தில் பதமாதல் வேண்டும். அடுத்து ஓர் இளைஞன் நம் விமானம் பற்றிக் கட்டுரை எழுதப் புகும்போது, இறக்கையின் ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் தேடி அவன் திகைக்காதிருக்க, இவ்வட்டத்தின் தொகுப்பு அவன் மேசைமேல் இருக்கட்டும்.